கண்ணை மூடினால் குழம்புகிறதா? தியானம் பழுதாகும் இடங்கள்

இலங்கையின் வடக்கே, கிளிநொச்சிப் பக்கம் பரந்தனில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது. அதற்கு முன் நாலு வருடம் உளவளத்துணை வேலை செய்தேன். திட்டம் முடிந்தது, வேலையும் முடிந்தது, ஆட்களின் அந்தரம் மட்டும் முடியவில்லை. அதனால் செவ்வாயும் வியாழனும் பின்னேரம் ஐந்தரைக்கு முன்பள்ளிக் கட்டடத்தில் பாயை விரித்து எட்டுப் பத்துப் பேர் இருக்கிறோம். வயல் செய்கிறவர்கள், கார்மென்ட்ஸுக்குப் போகிற பிள்ளைகள், ஏ9 வீதியில் வான் ஓட்டுகிற ஓர் அண்ணை, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வருகிற ஒரு மாமி.

வந்து மூன்றாம் நாள் எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொல்லுவார்கள்: "அக்கா, எனக்கு இது சரிவருதில்லை." எது சரிவரவில்லை என்று தோண்டிக் கேட்டால் பத்துப் பன்னிரண்டு பழுதுகள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். அந்தக் கொப்பிதான் இது. தியானம் எங்கிருந்து வந்தது, மூளையில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் இதில் இல்லை.

நான் இங்கே தியானம் என்று சொல்வது இவ்வளவுதான்: கதிரையிலோ பாயிலோ முதுகை நிமிர்த்தி இருங்கள். மூக்கால் மூச்சு. வெளியே போகும் ஒவ்வொரு மூச்சுக்கும் ஓர் எண். பத்து வரை போய் மறுபடி ஒன்று. எண் தவறினாலும் மறுபடி ஒன்று. ஐந்து நிமிடம்.

## பழுது பார்க்க முன்

சில விஷயங்களுக்குப் பாய் விரிக்கவே கூடாது. நெஞ்சை யாரோ அமுக்குவதுபோல நோவு, அது இடது கைக்கோ தாடைக்கோ ஏறுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் 1990 அடியுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. "கொஞ்சம் மூச்சை எண்ணிப் பார்ப்போம்" என்று ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வந்தால் 1926. அது தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். வீட்டில் ஒருவர் அப்படிக் கதைத்தால் முதல் வேலை, கொட்டிலில் இருக்கும் பூச்சிமருந்துப் போத்தலை வேறு வளவுக்கு மாற்றுவது. மிச்சத்தைப் பிறகு கதைக்கலாம்.

மனநல கிளினிக்கில் மருந்து எடுப்பவர்கள், தியானம் நல்லாகப் போகிறது என்று மாத்திரையைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கிறவர்கள், முன்பு கேட்டவர்கள், வைத்தியரிடம் கேட்காமல் நீண்ட மௌன முகாம்களுக்குப் போக வேண்டாம். ஒவ்வொரு நாளும் குடித்தவர் திடீரென நிறுத்தி, கை நடுங்கி, வியர்த்து, கண்டபடி கதைக்கத் தொடங்கினாலும் ஆஸ்பத்திரிதான். வலிப்பு வரலாம்.

## இருக்கத் தொடங்கியதும் யோசினை கூடுகிறது

அதிகமாக வரும் முறைப்பாடு இது. பாதிப் பேருக்கு இது பழுதே இல்லை. மில்லில் நெல்லுக் குத்துகிற சத்தம் நின்ற பிறகுதான் பக்கத்து வீட்டு ரேடியோ கேட்கும். ரேடியோ முதலே பாடிக்கொண்டுதான் இருந்தது.

எண்ணிப் பாருங்கள். எண் தவறியது உங்களுக்கே பிடிபட்டு, ஒன்றுக்குத் திரும்பி வந்தீர்கள் என்றால் வேலை நடக்கிறது. பத்தைத் தொட்டே ஆகவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. எனக்கே பல நாள் ஏழுக்கு மேல் போகாது.

அந்தரம் உண்மையிலேயே கூடுகிறது என்றால் செலவில்லாத இடத்தில் இருந்து தொடங்குவோம். கடைசித் தேத்தண்ணி எத்தனை மணிக்கு? தேயிலையில் உள்ள கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும். நாலு மணிக்குக் கடும் சாயத்தில் பிளேன்ரீ குடித்துவிட்டு ஐந்தரைக்கு வந்து "மனம் நிக்குதில்லை" என்றால் மனம் என்ன செய்யும்? பாக்கும் அப்படித்தான், உசுப்பிவிடும். மதியத்துக்குப் பிறகு இரண்டையும் ஒரு கிழமை விட்டுப் பாருங்கள்.

அடுத்தது போன். சத்தத்தை நிறுத்தினால் போதாது, மடியில் கிடந்து அதிரும். எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கனடாவில் பிள்ளைகள் எழும்புகிற நேரமும் எங்கள் ஐந்தரையும் கிட்டத்தட்ட ஒன்று. மகன் எடுப்பான் என்று காத்திருக்கிற தாய் எண்ணுவது மூச்சை அல்ல, நிமிடத்தை. அப்படியானவர்களை விடியப்புறம் இருக்கச் சொல்லிவிட்டேன், பிரச்சினை தீர்ந்தது.

இரண்டும் இல்லை என்றால் யோசினைக்குள் இருக்கும் விஷயத்தையே பார்க்க வேண்டும். ஒரு தங்கச்சி ஒவ்வொரு செவ்வாயும் அந்தரப்படுவாள். வியாழன் நல்லாக இருப்பாள். எனக்கு இரண்டு மாதம் பிடிபடவில்லை. பிறகு கேட்டால், புதன் காலை லோன்காரர் வருகிற நாள். ஒரு லோனைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது. மூச்சை எண்ணி வட்டியைக் குறைக்க ஏலாது. அன்றைக்குப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, முன்பள்ளி வாங்கில் இருந்து கொப்பியில் மூன்று லோனையும் எழுதினோம்: எடுத்தது எவ்வளவு, கிழமைக் கட்டுக்காசு எவ்வளவு, இன்னும் எத்தனை கிழமை. மூன்றாவதில் அவள் நினைத்ததைவிட ஆறு கிழமை குறைவாக இருந்தது. அடுத்த நாள் அந்தக் கொப்பியோடு பிரதேச செயலகத்துக்குப் போனாள். கடன் இன்னும் இருக்கிறது. ஆனால் அடுத்த செவ்வாய் பத்து வரை எண்ணினாள்.

மூன்று நாள் தொடர்ந்து அதே யோசினை வந்தால் எழுதுங்கள். நாளைக்குச் செய்யக்கூடிய ஒரு வேலை அதற்குள் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள், பிறகு வந்து இருங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: யோசினையால் சாப்பாடும் நித்திரையும் வேலையும் கெட்டு, அது கிழமைக் கணக்கில் நீள்கிறது என்றால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேளுங்கள். காசு எடுக்க மாட்டார்கள்.

## தூங்கி விழுகிறேன்

நித்திரை காணாது, வேறொன்றும் இல்லை. இரவு முழுக்க யானைக்குப் பயந்து வயலில் காவல் கொட்டிலுக்குள் இருந்தவர் பின்னேரம் கண்ணை மூடினால் தூங்கத்தான் செய்வார். அவரை நான் எழுப்புவதில்லை. குறட்டை பெரிதானால் மட்டும் தோளில் தட்டுவேன்.

நித்திரை போதுமான ஆளென்றால் கண்ணைத் திறந்து இருங்கள், அல்லது நின்றுகொண்டு எண்ணுங்கள். வயிறு நிறையச் சோறு தின்ற கையோடு இருக்க வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் இருக்கவே வேண்டாம், அது தியானம் அல்ல, அவியல்.

எட்டு மணித்தியாலம் படுத்தும் பகல் முழுக்கச் சோர்வு என்றால் இரத்தத்தைச் சோதியுங்கள். இரத்தச்சோகை, தைரொயிட், சீனி மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் பெண்களில் எத்தனை பேர் இரத்தச்சோகையை "மனச்சோர்வு" என்று நினைத்துக்கொண்டு திரிகிறார்கள்!

## கால் விறைக்கிறது, உடம்பு நோகிறது

கதிரையில் இருங்கள். பத்மாசனம் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எழும்பி ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் விறைப்பு விடவில்லை, அல்லது பாதம் எரிகிறது என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள், முக்கியமாகச் சீனி வருத்தம் உள்ளவர்கள்.

போர் நடந்த எங்கள் வன்னியில் இதற்குள் இன்னொன்று இருக்கிறது. ஒருநாள் போனில் ஒரு பதிவைப் போட்டு எல்லாரையும் படுக்கச் சொன்னேன். தலையிலிருந்து கால்வரை ஒவ்வோர் உறுப்பாகக் கவனிக்கச் சொல்லும் பதிவு. "இப்போது உங்கள் இடது பாதத்தைக் கவனியுங்கள்" என்றது குரல். என் பக்கத்தில் படுத்திருந்த அண்ணைக்கு முழங்காலுக்குக் கீழே இடது கால் இல்லை. பொய்க்காலைக் கழற்றிச் சுவரோடு சாத்தி வைத்திருந்தார். அவர் சிரித்தார், எனக்குத்தான் முகம் எரிந்தது. அன்று இரவு இல்லாத அந்தக் கால் அவருக்கு உளைந்திருக்கிறது.

இங்கே உடம்பைக் கவனிக்கச் சொல்ல முன் ஆளைக் கேட்க வேண்டும். செல் பீஸ், அதாவது எறிகணைத் துண்டு, உடம்புக்குள் இருப்பவர்களுக்குக் கவனம் நேராக அந்த இடத்துக்குத்தான் ஓடும். அவர்களுக்கு உறுப்பு உறுப்பாகப் போவது வேண்டாம். இரண்டு உள்ளங்கையையும் தொடையில் வைத்து அந்தச் சூட்டை மட்டும் கவனித்தால் போதும். பீஸ் உள்ள இடம் புதிதாக நோகத் தொடங்கினாலோ வீங்கினாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னால் உள்ளே இரும்பு இருப்பதை முதலே சொல்லிவிடுங்கள்.

## மூச்சைக் கவனித்தால் மூச்சு முட்டுகிறது

முதலில் மூக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசியால் பாதிப் பேருக்கு அடைப்புத்தான். நுளம்புத்திரியைப் பக்கத்தில் கொளுத்தி வைத்துக்கொண்டு மூச்சு முட்டுகிறது என்றவர்களும் உண்டு.

அடுத்தது, மூச்சை இழுத்துத் தள்ளுகிறீர்களா? "ஆழமாக மூச்சு எடு" என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, ஆட்கள் சைக்கிள் ரியூப்புக்குக் காற்று அடிப்பதுபோல இழுக்கிறார்கள். தேவைக்கு மேல் வேகமாகவும் பெரிதாகவும் மூச்சு விட்டால் தலை சுற்றும், விரல் நுனியும் வாயைச் சுற்றியும் விறுவிறுக்கும். அந்த விறுவிறுப்பைத் "சக்தி ஏறுகிறது" என்று ஒரு தம்பி சந்தோஷமாகச் சொன்னான். இல்லை ராசா, நீ கூட ஊதுகிறாய். சின்ன மூச்சாக எடுத்து, அதைவிடக் கொஞ்சம் நீளமாக வெளியே விடுங்கள்: உள்ளே நாலு எண்ணிக்கை, வெளியே ஆறு. இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கும்.

மூச்சை அடக்கிப் பிடிக்கிறவர்கள் மூன்றாவது வகை. 16 எண்ணி இழுத்து, 64 எண்ணி அடக்கி, 32 எண்ணி விடுகிற பழைய யோகக் கணக்கை எங்கேயோ கேட்டுவிட்டு முதல் நாளே செய்து பார்ப்பார்கள். அது குருவின் பக்கத்தில் வருடக் கணக்காகப் பழகுகிற விஷயம். பிரஷர், இருதய வருத்தம் உள்ளவர்களும் பிள்ளைத்தாச்சிகளும் மூச்சை அடக்கவே வேண்டாம்.

இழுப்பு வருத்தக்காரருக்கும், ஒருதரம் தண்ணிக்குள்ளோ பங்கருக்குள்ளோ மூச்சுத் திணறித் தப்பியவருக்கும் மூச்சு நல்ல கொழுக்கி இல்லை. அவர்கள் அதை விட்டுவிட்டு வேறொன்றில் மனதைக் கொழுவலாம். செபமாலை உருட்டிப் பழகிய கைக்குச் செபமாலை, ஐந்தெழுத்துச் சொல்லிப் பழகிய வாய்க்கு ஐந்தெழுத்து, தஸ்பீஹ் மணி பழகியவருக்கு அது. எங்கள் மாமி கீரை ஆய்கிறார். அதுவும் நடக்கிறது.

சும்மா இருக்கும்போதும் மூச்சு வாங்கினால், படுத்தால் கூடினால், கால் வீங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

## நெஞ்சு படபடக்கிறது

அமைதியாக இருக்கும்போது நெஞ்சடிப்புக் காதில் கேட்பது சாதாரணம். கையைப் பிடித்து நாடியை ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு இருந்தபடி 60 இலிருந்து 100 வரை பயப்பட ஒன்றும் இல்லை. தேத்தண்ணி, பாக்கு, பட்டினி, நித்திரைக் குறைவு என்று மேலே சொன்ன வரிசையிலேயே போய்ப் பாருங்கள்.

திடீரெனப் படபடத்து, வியர்த்து, "சாகப் போறன்" என்ற பயம் ஏறி, பத்து நிமிடம் அளவில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கினால் அது பெரும்பாலும் பயத்தாக்கம். ஆனால் முதல் தரம் வரும்போது அதை நீங்களும் முடிவு செய்ய வேண்டாம், நானும் முடிவு செய்ய மாட்டேன். ஆஸ்பத்திரியில் ஈ.சீ.ஜி எடுக்கட்டும், தைரொயிட்டும் பார்க்கட்டும். எல்லாம் சரி என்று துண்டு தந்தபிறகு அந்தத் துண்டை மடித்துப் பேர்ஸுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தரம் படபடக்கும்போது அதை எடுத்து வாசிப்பது பல தியானங்களைவிட வேலை செய்யும். வான் ஓட்டுகிற அண்ணை அப்படித்தான் வைத்திருக்கிறார். லைசன்ஸுக்குப் பக்கத்தில்.

## கண்ணை மூடினால் பழையது வருகிறது

வெளியூரில் செய்த தியானப் பதிவுகள் எல்லாம் "கண்களை மெல்ல மூடுங்கள்" என்றுதான் தொடங்கும். வன்னியில் அந்த வசனத்திலேயே பாதிப் பேருக்குப் பழுது தொடங்கிவிடும். 2009 இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்கால் கடற்கரையில் நின்ற ஒருவருக்குக் கண்ணை மூடுவது ஓய்வு அல்ல. நின்ற படம் மறுபடி ஓடும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு வியாழக்கிழமை. எல்லாரும் கண்ணை மூடி இருக்கிறோம், சந்தியில் ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்று டமார் என்றது. கண்ணைத் திறந்தால் நாற்பது வயதுக்காரர் ஒருவர் குப்புறக் கிடக்கிறார். இரண்டு கையும் தலைக்கு மேலே. கூப்பிட்டால் கேட்கவில்லை. மூச்சை எண்ணச் சொல்லலாம் என்று வாய் வந்தது, நல்ல காலம் சொல்லவில்லை. சுவரில் பிள்ளைகளுக்கு ஒட்டியிருந்த அரிச்சுவடி அட்டை கண்ணில் பட்டது. "அண்ணை, அந்த அட்டையில முதலாவது என்ன எழுதியிருக்கு?" என்று மூன்று தரம் கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். "அம்மா." அடுத்தது? "ஆடு." அடுத்தது? "இலை." ஊஞ்சலுக்கு வரும்போது தோள் இறங்கியிருந்தது. ஒரு செம்பு தண்ணி கொடுத்தோம். அதன் பிறகுதான் வெட்கப்பட்டார்.

படம் ஓடத் தொடங்கினால் செய்ய வேண்டியது அதுதான். கண்ணைத் திறந்து, சுற்றி உள்ள ஐந்து பொருளின் பெயரை வாயால் சொல்லுங்கள். நாலு பொருளைத் தொடுங்கள், மூன்று சத்தத்தைக் கேளுங்கள். பாயின் ஓலையை விரலால் தடவுங்கள். முகத்தைக் குளிர்ந்த தண்ணியால் கழுவுங்கள். "இன்றைக்கு வியாழக்கிழமை, இது பரந்தன், இது முன்பள்ளி" என்று சத்தமாகச் சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் காணாது.

அடுத்த தரம் இருக்கும்போது: கண் திறந்தபடி, நிலத்தில் ஓர் இடத்தைப் பார்த்து. முதுகு சுவரோடு, முகம் வாசல் பக்கம். வெளியே போகும் வழி தெரிந்தால் உடம்பு கொஞ்சம் நம்பும். ஐந்து நிமிடம் கூட என்றால் ஒரு நிமிடம். அதுவும் கூட என்றால் நடங்கள். வளவைச் சுற்றி, கால் மண்ணில் படுவதை எண்ணிக்கொண்டு. அதையும் நான் தியானம் என்றுதான் கணக்கில் சேர்க்கிறேன்.

"இன்னும் ஆழமாகப் போனால் எல்லாம் வெளியே வந்து சுத்தமாகிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். காயத்தைத் தனியாகத் தோண்டக் கூடாது.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம் இந்தத் தலைப்புக்குக் கிட்டத்தான். கனவில் திடுக்கிட்டு எழும்புவது, பழைய இடங்களைத் தவிர்ப்பது, சின்னச் சத்தத்துக்கும் துள்ளுவது எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீண்டு வாழ்க்கையைக் கெடுத்தால், அது மருந்தும் முறையான உளவளத்துணையும் உள்ள வருத்தம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். "விசர் கிளினிக்" என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். ஊரில் முக்கால்வாசிப் பேரை அந்த வாங்கில் நான் கண்டிருக்கிறேன்.

## வருடம் முழுக்கச் சரி, மே வந்தால் பழுது

இதற்குக் காரணம் தேட வேண்டாம், கலண்டரைப் பாருங்கள். சித்திரை முடிந்து வெயில் ஏற, நினைக்காமலே உடம்பு நினைக்கும். எரிச்சல், வயிற்றுக் குழப்பம், நித்திரையின்மை, பிள்ளைகளுக்கு அடி. போர் முடிந்த 18 ஆம் திகதி தாண்டியதும் மெல்ல இறங்கும். ஒரு வருடம் நான் இதை யாருக்கும் சொல்லாமல், எனக்குத் தியானம் மறந்துபோய்விட்டது என்று நினைத்திருந்தேன்.

அந்தக் கிழமையில் எங்கள் பாய் விரிப்பதில்லை. தனியாகக் கண்ணை மூடி இருப்பதைவிடப் பத்துப் பேரோடு கஞ்சி காய்ச்சுவது நல்லது. செத்தவர்களை நினைத்து 12 இலிருந்து 18 வரை பல இடங்களில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறார்கள். அரிசி கழுவுங்கள், அகப்பையைப் பிடியுங்கள். விளக்கு ஏற்றுகிறவர்கள் ஏற்றுங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போகிறவர்கள் போங்கள், மடு மாதா கோவிலுக்கு நேர்ந்தவர்கள் அங்கே போங்கள். ஜூன் மாதமும் இறங்கவில்லை என்றால் மேலே சொன்ன கிளினிக்.

## நித்திரைக்காக இருக்கிறேன், நித்திரை வரவில்லை

நித்திரையைத் துரத்தினால் அது ஓடும். படுக்கையில் அரை மணித்தியாலம் முகட்டைப் பார்த்துக் கிடந்தால் எழும்பி வெளிவிறாந்தையில் இருங்கள், கண் சொருகும்போது மட்டும் போய்ப் படுங்கள். போன் படுக்கைக்கு வரக் கூடாது. எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும்பும் நேரம் ஒன்றாக இருக்கட்டும்.

ஆண்களிடம் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: நித்திரைக்காகக் குடிக்கிறீர்களா? சாராயம் படுக்க வைக்கும், மூன்று மணிக்கு எழுப்பியும் விடும். அந்த மூன்று மணியைத்தான் "தியானம் வேலை செய்யவில்லை" என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள்.

## எழும்பியதும் பழைய கோபம்

பாயில் புத்தர், குசினியில் சூரன். இது என் கேஸ்.

ஐந்தரைக்கு இருந்த ஐந்து நிமிடம் மறுநாள் காலை ஏழு மணிக்கு உதவாது. ஏழு மணிக்குத்தான் சப்பாத்து ஒன்றைக் காணவில்லை, பஸ் ஹோர்ன் அடிக்கிறது, சம்பல் இன்னும் இடிக்கவில்லை. அதனால் கோபம் வருகிற இடத்திலேயே மூன்று மூச்சை வைத்தேன். கிணற்றில் வாளி இறங்கும்போது ஒன்று. படலைக் கொழுக்கியைத் தூக்கும்போது ஒன்று. தையல் மெசினில் நூல் அறுந்தால், மறுபடி கோர்க்க முன் ஒன்று. நூல் ஒரு நாளைக்கு இருபது தரம் அறும், ஆகவே குறையில்லை. நேரமே இல்லை என்கிறவர்களுக்கும் இதுதான் மறுமொழி.

கோபத்தில் கை நீட்டுகிற அளவுக்குப் போகிறது என்றால், அல்லது உங்கள்மேல் ஒருவர் கை நீட்டுகிறார் என்றால், அது பாய்க்குரிய பழுது அல்ல. அடி வாங்குகிற பெண்ணிடம் பொறுமைக்குத் தியானம் சொல்லிக் கொடுப்பதை நான் பாவம் என்றே நினைக்கிறேன். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போங்கள்.

## ஒன்றும் தெரியவில்லை, வெறுமையாக இருக்கிறது

அமைதிக்கும் வெறுமைக்கும் வித்தியாசம் உண்டு. அமைதியான ஆளுக்கு எழும்பியதும் பசிக்கும். வெறுமையான ஆளுக்கு மகள் பரீட்சையில் பாஸ் என்று வந்தாலும் முகம் அசையாது. இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் விருப்பம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பெருமூச்சு மட்டும் வருகிறது என்றால் தியானத்தை நீட்ட வேண்டாம். நேராக வைத்தியர்.

## "விட்டுவிடுங்கள்" என்றால் கோபம் வருகிறது

கொப்பியில் கடைசியாக எழுதியது. முன்பு சொன்ன அந்தப் போன் பதிவின் முடிவில் குரல் சொல்லும்: "எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்." ஓர் அம்மா எழும்பி நின்றார். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தொடங்கிய போராட்டத்துக்கு மகனின் படத்தோடு போய் வருகிறவர். "எதைப் பிள்ளை விடச் சொல்லுது இந்தப் பெட்டி?" என்று கேட்டார்.

பழுது அவரிடம் இல்லை, வசனத்தில்தான். அன்றோடு அந்தப் பதிவை அழித்துவிட்டேன். பிள்ளையைத் தேடுகிறவர்களுக்கும், செத்தது தெரியாமல் திவசம் செய்ய முடியாதவர்களுக்கும் "விடு", "மற", "கடந்து போ" என்ற மூன்று சொல்லும் வேண்டாம். "கொஞ்ச நேரம் இறக்கி வையுங்கள், பிறகு எடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்லிப் பாருங்கள். தண்ணிக் குடம் சுமக்கிறவர்களுக்கு அது விளங்கும். அழுகை வந்தால் அழட்டும், யாரும் ஓடிப்போய்த் துடைக்க வேண்டாம். பக்கத்தில் இருந்தால் போதும்.

அந்த அம்மா இப்போதும் வருகிறார். கண் மூடுவதில்லை. மகனின் படம் உள்ள பையைப் பாயின் ஓரத்தில், கை எட்டும் தூரத்தில் வைக்கிறார். வாசலைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் இருப்பார். முடிந்ததும் முதலில் பையை எடுப்பார், பிறகுதான் செருப்பைப் போடுவார்.